நிறம் மாறாத குழாய்

அத்தியாயம் 9

பெத்தனைக் கொல்ல முதல் அடியே போதுமானதாக இருந்தது. பிறகு விழுந்தவை எல்லாம் ஆத்திரத்துக்கு. சிவகங்கை ஆஸ்பத்திரியில் பிரேதத்தைப் பார்த்த டாக்டர் அப்படித்தான் சொன்னார். அடித்த பொருள் உருண்டையானது, வழவழப்பானது என்றும் சொன்னார். அது என்ன என்று போலீசுக்குத் தெரியவில்லை. எங்கே போனது என்றும் தெரியவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான். 1973 மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், காளையார்கோவில் சாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பொன்னுத்தாயி என்பவளை ஒரு கார் அடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. அவள் செத்துக் கிடந்ததை ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆட்கள் பார்த்தார்கள். மறுநாள் நாட்டரசன்கோட்டை ஊருணியில் பெத்தன் மிதந்தான். அவன் இராமு செட்டியார் வீட்டுக் கார் டிரைவர். முதல் நாள் இருட்டிய பிறகு ஊருணிக் கரையில் இராமுவின் ஃபியட் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். டிரைவர் காரை ஏற்றி ஆளைக் கொன்றான், அந்த ஆத்திரத்தில் முதலாளி டிரைவரைக் கொன்றார் என்று போலீஸ் முடிவு கட்டியது. காரைச் சோதித்துப் பார்த்து, சாவியை எடுத்துக்கொண்டு, இராமுவைச் சிவகங்கை சப்-ஜெயிலில் போட்டது. இராமு அன்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

அவருடைய மனைவி உமையாள்தான் காரைக்குடி கல்லுக்கட்டியில் இருந்த துப்பறிவாளர் கோட்டைச்சாமிக்கு ஆள் அனுப்பினாள்.

கோட்டைச்சாமி ஒரு காலத்தில் சப்-இன்ஸ்பெக்டர். மேலதிகாரியோடு ஒத்துப்போகாமல் வேலையை விட்டவர். “சார் ராஜினாமா பண்ணிட்டாரு, அவரு கைதான் இன்னும் பண்ணலை” என்பாள் அவருடைய உதவியாளர் நாகவல்லி. நகை செய்கிற ஆசாரி வீட்டுப் பெண். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கொஞ்ச காலம் இருந்து, மற்றவர்கள் பேச்சுக்கு நடுவில் தன் கருத்தையும் சொல்லி வேலையை இழந்தவள்.

லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திவிட்டு இருவரும் வீட்டுக்குள் நுழைந்தபோது, உமையாள் முகப்பில் ஈசிசேரில் சாய்ந்திருந்தாள். மூடிய கண்களின் மேல் உருளைக்கிழங்கு வில்லைகள் இரண்டு. காலடி கேட்டதும் அவற்றை எடுத்துத் தட்டில் போட்டாள். கண்கள் கோவைப்பழமாகச் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“வாங்க. நேத்து ராவெல்லாம் அழுது கண்ணு இப்படி ஆயிருச்சு. வெளிச்சத்தைப் பாக்கவே முடியலை.”

“அழுத கண்ணுக்கு உருளைக்கெழங்கு வைக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன் ஆச்சி. எங்க வீட்ல கொழம்புல போடுவோம்” என்றாள் நாகவல்லி.

கோட்டைச்சாமி அவளை முறைத்தார். உமையாள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“கொட்டகையப் பாருங்க. போலீசு மேலாகப் பாத்துட்டுப் போயிருச்சு. நீங்க நல்லா உத்துப் பாருங்க. அவுக ஒரு உயிரக் கொல்ற ஆளு இல்லை.”

கார் கொட்டகை வீட்டின் பின்கட்டை ஒட்டி இருந்தது. ஃபியட்டின் முன்பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். ஓரத்தில் சாக்குப் போட்டு மூடிய ஏதோ ஒரு மெஷின். சுவரில் சாய்த்து வைத்த பளபளப்பான குழாய்த் துண்டுகள்.

இராமுவுக்குக் கார்ப் பந்தயப் பைத்தியம். சோழவரம் பந்தயத்தில் ஓட்டுவதற்காக ஃபியட்டுக்குத் தானே ஒரு சைலன்சர் செய்திருந்தார். இரும்பு துருப்பிடிக்கிறது என்று எவர்சில்வரில். வளைக்க மெஷின் இல்லாததால் குழாயைச் சாய்வாகச் சாய்வாக அறுத்து, துண்டு துண்டாக வெல்டிங்கில் ஒட்டி வளைவு கொண்டுவந்திருந்தார். என்ஜினிலிருந்து கிளம்பிக் காரின் வயிற்றுக்கடியில் பாம்பு போல ஓடிப் பின்னால் வாய் திறந்தது அந்தக் குழாய்.

“எங்க அம்மா இதைப் பாத்தா, இதுல எத்தனை குடம் பண்ணலாம்னு அழுதுருவா” என்றாள் நாகவல்லி.

கோட்டைச்சாமி சட்டையைக் கழற்றிவிட்டு, டார்ச்சுடன் காருக்கடியில் மல்லாந்து ஊர்ந்தார்.

“நாகு, உள்ள வா.”

“சேலை கட்டுனவ சார்.”

“அப்ப குனிஞ்சு பாரு. என்ஜின்கிட்ட குழாய் என்ன நிறம்?”

அவள் குனிந்தாள். “நல்லெண்ணெய் நிறம். கொஞ்சம் தள்ளி கத்திரிப்பூ. அப்பறம் மயில் கழுத்து. நல்ல ஜவுளிக்கடை சார்.”

“எவர்சில்வர் சூடு பட்டா அப்படித்தான் நிறம் மாறும். ஒருதரம் வண்டிய ஓட்டுனாலே மாறிரும், அப்பறம் போகாது. இப்ப இங்க பாரு.”

டார்ச் வெளிச்சம் ஒரு முழ நீளத் துண்டின் மேல் நின்றது. முன்னாலும் பின்னாலும் குழாய் நீலமும் பழுப்புமாக இருக்க, இந்தத் துண்டு மட்டும் புதுத் தம்ளர் போல வெள்ளையாக மின்னியது. நடுவில் ஒரு நசுங்கல்.

“ஊருணி வரைக்கும் ஓடுன வண்டி, இத மாட்டுன பெறகு ஓடலை. அப்படின்னா, இராமுவப் புடிச்சுக்கிட்டுப் போன பெறகுதான் யாரோ பழைய துண்ட அறுத்துட்டு இத வச்சு ஒட்டியிருக்கான்.” அவர் நசுங்கலுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். உலோகம் மடிந்த இடுக்கில் காய்ந்த ரத்தமும், அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு மூன்று தலைமுடிகளும். “போலீசு தேடுன சாமான் இதுதான். கொன்ன ஆயுதத்த வண்டியோட வண்டியா ஒட்டிட்டான். ஸ்டேஷன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தினாக்கூட எவனுக்கும் தெரியாது.”

நாகவல்லி ஒட்டுப்போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மத்த ஒட்டெல்லாம் நகை வேலை மாதிரி இருக்கு சார். இந்த ரெண்டுல மட்டும் சுத்தியும் பொரியக் கொட்டுன மாதிரி துளித்துளியாத் தெறிச்சிருக்கே.”

“அவசரத்துல வச்சிருக்கான்.”

உமையாள் கொட்டகை வாசலில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்றாள். கோட்டைச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்: “இங்க வெல்டிங் வச்சது யாரு ஆச்சி?”

“மலையாண்டி. பட்டறை வச்சிருக்கான். அவுகளுக்குக் கூட்டாளி.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “நேத்துக் காலையில வந்தான், அவனோட கேஸ் சிலிண்டர எடுக்கணும்னு. நான் இங்குட்டு வரலை. எவ்வளவு நேரம் இருந்தான், என்ன பண்ணினான்னு தெரியாது. ஏன் கேக்குறீக?”

“நாளைக்கே உங்க வீட்டுக்காரவுக வெளிய வருவாக” என்றார் கோட்டைச்சாமி.

மலையாண்டியின் பட்டறை காளையார்கோவில் சாலைத் திருப்பத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவன் ஒரு இரும்புக் கேட்டின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேஸ் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கன்றியிருந்தது. உதடு கிழிந்து காய்ந்திருந்தது.

“மலையாண்டி, பெத்தன எதுக்கு அடிச்ச?”

அவன் தலையைத் தூக்கினான். “நீங்க யாரு? ஸ்டேஷனா?”

“அங்குட்டுத்தான் போகப் போறோம். எந்திரி.”

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அவன் எழுந்த வேகத்தில் கையிலிருந்த நெருப்பைக் கோட்டைச்சாமியின் முகத்துக்கு நேராக வீசினான். அவர் கையைக் குறுக்கே கொடுத்தார். முன்கை மயிர் கருகி, தோல் பொசுங்கிய வாடை அடித்தது. அவர் சுதாரிப்பதற்குள் ஒரு பெரிய ஸ்பேனர் விலாவில் இறங்கியது. இரண்டாவது முறை அது தலைக்கு வந்தது. கோட்டைச்சாமி குனிந்து, அவன் இடுப்பைக் கட்டித் தூக்கிக் கேட்டின் மேல் எறிந்தார். கேட்டோடு சேர்ந்து அவனும் சரிந்தான். மலையாண்டி விழுந்த இடத்திலிருந்தே அவர் காலைக் கடித்தான். அவர் அவன் வலது கையைப் பிடித்துப் பட்டறைக் கல்லின் மேல் வைத்து, ஸ்பேனரைப் பிடுங்கி அதன் மேலேயே ஓங்கி இறக்கினார்.

எலும்பு நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற நாகவல்லிக்குக் கேட்டது.

“சார், போதும். விடுங்க.”

கோட்டைச்சாமி இன்னொரு தடவை ஓங்கினார். நாகவல்லி ஓடிவந்து அவர் கையைத் தொங்கிப் பிடித்துக்கொண்டாள். “விடுங்கன்னு சொல்றேன்ல.”

மலையாண்டி கையை மார்போடு அணைத்துச் சுருண்டு கிடந்தான். “இங்கயே கொன்னு போட்டுருங்க சார். ஸ்டேஷன்ல அந்த ரூமுக்கு மட்டும் திரும்ப வர மாட்டேன். செட்டியாரு எதால அடிச்சாரு, எங்க போட்டாருன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாக. தெரியாதத எப்படிச் சொல்றது? முந்தா நாளுதான் விட்டாக.”

கோட்டைச்சாமியின் கை தளர்ந்தது. ஆனாலும் கேட்டார்: “நேத்து கார் அடியில குழாய ஒட்டுனது நீதான?”

“சிலிண்டரத் தூக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. கூட வந்தவுகதான் தூக்கி வண்டியில வச்சாக. நான் தள்ளாடி நடந்து வந்தேன். கார் அடியில எப்படிப் படுப்பேன்?”

நாகவல்லி தன் கைக்குட்டையை நனைத்து அவன் விரல்களைச் சுற்றிக் கட்டினாள். கட்டிக்கொண்டே கேட்டாள்: “ஒட்டச் சுத்தித் துளித்துளியாத் தெறிச்சிருந்தா, அது என்ன வேலை?”

“அது கரண்ட் வெல்டிங்கு. எங்கிட்ட இருக்கறது கேஸ்தான். கரண்ட் மெஷினு செட்டியாரு மலேயாவுலருந்து கொண்டாந்தது, கொட்டகையில சாக்குப் போட்டு மூடியிருக்கும். அத நான் தொட்டதில்லை. அவுகளும் ஆச்சியுந்தான் அதுல வேலை பாப்பாக.”

“ஆச்சியா?”

“ஆச்சிக்குக் கைவேலை நல்லா வரும்மா. வண்டியும் செட்டியார விட நல்லா ஓட்டுவாக.”

நாகவல்லி கட்டுப்போடுவதை நிறுத்தினாள். “முகமூடி புடிக்காம அந்தக் கரண்ட் வெல்டிங் வச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்?”

“அப்ப ஒண்ணும் தெரியாது. ராத்திரிதான் கண்ணுல மண்ண அள்ளிப் போட்டாப்புல எரியும். தண்ணியா ஊத்தும். வெளிச்சம் பட்ட தோலும் வெயில்ல வெந்தாப்புல செவந்துரும்.”

“அதுக்கு என்ன வைப்பீக?”

“உருளைக்கெழங்கு” என்றான் மலையாண்டி.

பட்டறையில் கேஸ் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. நாகவல்லி எழுந்துபோய் அதை மூடினாள்.

“படுத்துக்கிட்டு ஒரு கையில குழாயத் தாங்கி, ஒரு கையில வெல்டிங் வச்சா, முகமூடிய எந்தக் கையில புடிக்கிறது சார்? கூட ஆள் இல்லாம பண்ணின வேலை அது. இன்னொண்ணும் கேட்டுக்கங்க. ஆயுதத்த மறைக்கிறவன் முடியும் ரத்தமுமாவா ஒட்டுவான்? தண்ணிக்கா பஞ்சம் அந்த வீட்ல? அது மறைச்சு வச்ச சாமான் இல்லை. நீங்க கண்டுபிடிக்கணும்னு வச்ச சாமான். நிறம் மாறலைன்னு நீங்க சொல்லுவீக, மாட்டுனது பின்னாடின்னு சொல்லுவீக, மலையாண்டின்னு சொல்லுவீக. நீங்க சொல்லப் போற பேச்செல்லாம் முன்னாடியே அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு.”

கோட்டைச்சாமி பட்டறைக் கல்லையும் அதன் மேல் தெறித்திருந்த ரத்தத்தையும் பார்த்தார். சாலையில் போன மாட்டு வண்டியை நிறுத்தி மலையாண்டியைத் தானே தூக்கி ஏற்றினார். எதிர்க் கடைக்காரரிடம் போலீசுக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு லாம்ப்ரெட்டாவை உதைத்தார்.

உமையாள் கொட்டகையிலேயே இருந்தாள். காரின் பானெட்டில் கையை ஊன்றியபடி, “மலையாண்டி ஒத்துக்கிட்டானா?” என்று கேட்டாள்.

“ஒத்துக்கிட்டான்” என்றார் கோட்டைச்சாமி.

அவள் பானெட்டிலிருந்து கையை எடுத்தாள். “எனக்கு அப்பவே தெரியும். அவனுக்கும் பெத்தனுக்கும் ஆகாது.”

நாகவல்லி பக்கத்தில் போனாள். “ஆச்சி, வேர்த்து ஊத்துது. முந்தானையக் கொஞ்சம் தளத்துங்க.” சொல்லிக்கொண்டே அதைப் பற்றி இழுத்தாள்.

கழுத்தும் அதற்குக் கீழே ரவிக்கை மறைக்காத இடமும் வெந்து சிவந்திருந்தன. ரவிக்கை ஓரத்தில் கோடு போட்டாற்போல் அந்தச் சிவப்பு நின்றது.

“இது எந்த வெயில்ல அழுதது ஆச்சி?”

உமையாளின் கை பின்னால் போனது தெரியவில்லை. திரும்பி வந்தபோது அதில் சுத்தியல் இருந்தது. நாகவல்லியைத் தள்ளிக்கொண்டு கோட்டைச்சாமி குறுக்கே வந்தார். அடி அவர் தோளெலும்பில் இறங்கியது. அவர் முழங்காலிட்டு விழுந்தார். மறுபடி ஓங்கிய சுத்தியலை நாகவல்லி இரண்டு கையாலும் தடுத்தாள். அது எகிறிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தூளாக்கியது. உமையாள் அவள் தலைமுடியைப் பற்றி முகத்தைக் கதவில் மோதினாள். ஒருமுறை, மறுமுறை. நாகவல்லியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

பிறகு உமையாள் பின்வாங்கிச் சாக்கை உருவினாள். மெஷின் உறுமியது. கம்பி பிடித்த கைப்பிடியை ஈட்டி போல் முன்னே நீட்டிக்கொண்டு வந்தாள்.

“பெத்தன் இந்த எடத்துலதான் நின்னான். போலீசுக்குப் போறேன் ஆச்சின்னு சொல்லிட்டு முதுகத் திருப்பினான். போயிருந்தா எனக்கு என்ன மிச்சம்? இப்ப நீ போகப் போறியா?”

கம்பி நாகவல்லியின் கண்ணை நோக்கி வந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். கம்பி அவள் தலைக்கு மேலே போய்க் காரின் கதவில் மோதியது. முந்தின நாள் வெல்டிங்குக்காக மாட்டிய, கரண்ட் திரும்பிப் போகிற எர்த் கிளிப் இன்னும் காரிலேயே இருந்தது. கொட்டகை முழுவதும் மின்னல் வெட்டினாற்போல் வெள்ளையாயிற்று. ஏற்கெனவே புண்ணாகியிருந்த கண்களில் அந்த வெளிச்சம் நேராகப் பாய்ந்தது. உமையாள் அலறிக்கொண்டு முகத்தைப் பொத்தினாள். கோட்டைச்சாமி தவழ்ந்துபோய் ஒற்றைக் கையால் மெயின் சுவிட்சை இழுத்தார். நாகவல்லி உமையாளின் காலை வாரிக் கீழே தள்ளி, முதுகின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“அசையாதீக ஆச்சி” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நான் பாக்கத்தான் ஒல்லி. வீட்ல மிச்சம் மீதியெல்லாம் நாந்தான் சாப்புடுறது.”

போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை உமையாள் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்: “எல்லாம் நான் பண்ணினது. அவுகளுக்கு ஒண்ணும் தெரியாது.”

மறுநாள் காலையில், தோளில் கட்டோடு கோட்டைச்சாமி சிவகங்கை சப்-ஜெயிலுக்குப் போனார். மூக்கு வீங்கிய நாகவல்லியும் கூடப் போனாள். இராமு கம்பிக்கு அப்பால் தரையில் உட்கார்ந்திருந்தார். நடந்ததையெல்லாம் கோட்டைச்சாமி சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

“வண்டிய ஓட்டுனது பெத்தன் இல்லை, உங்க வீட்டம்மா. பெத்தன் போலீசுக்குப் போறேன்னதும் குழாயால அடிச்சாக. பொணத்த ஊருணிக்குக் கொண்டுபோனது நீங்க. அவுகளக் காப்பாத்தத்தான் இத்தனை நாளு பேசாம இருந்தீக. உங்கள வெளிய கொண்டு வர அவுக மலையாண்டிய மாட்டிவிட்டாக.”

அந்தக் கடைசி வார்த்தைக்கு இராமு நிமிர்ந்தார். “மலையாண்டியவா?”

“ஆமா.”

“அவனுக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே. அவன் எப்படி இருக்கான்?”

“வலது கை விரலெல்லாம் நொறுங்கிருச்சு. டாக்டரு சேரும்னு சொல்லலை. அதப் பண்ணினது ஆச்சி இல்லை. நான்.”

இராமு எழுந்து கம்பியருகே வந்தார்.

“எழுதிக்கிற ஆளக் கூப்புடுங்க. நான் சொல்றேன்.”

ரைட்டர் வந்து உட்கார்ந்தார். இராமுவின் குரல் பேசிப் பழக்கம் விட்டுப்போனது போல் கரகரத்தது.

“ஓட்டுனது உமையாள். நான் பக்கத்துல இருந்தேன். குழாய்ல எங்க சத்தம் கசியுதுன்னு கேக்குறதுக்குப் பெத்தனப் பின்னால உக்கார வச்சிருந்தோம். வண்டி நிக்காமப் போயிருச்சுன்னுதான எல்லாரும் சொல்றாக? நிறுத்துனோம் சார். நிறுத்தித் திரும்பிப் பாத்தோம். அந்தப் பொம்பள சாகலை. ரோட்டுல எந்திரிச்சு உக்காந்திருந்தா. எங்களப் பாத்துக் கையத் தூக்குனா.”

ரைட்டரின் பேனா நின்றது.

“பெத்தன் கதவத் தொறந்துட்டான். ஒரு காலு தரையில வச்சுட்டான். தூக்கிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்னு கத்துனான்.”

“எறங்குனானா?” என்றார் கோட்டைச்சாமி.

“எறங்க விடலை. உமையாள் கியரப் போட்டா. அவன் சட்டையப் புடிச்சு உள்ள இழுத்தது நான்.” இராமு ரைட்டரைப் பார்த்தார். “அத மொதல்ல எழுதுங்க.”